தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியத்தை வரி மதிப்பீட்டுக்காகப் படம் எடுக்க வேண்டும்; செல்போன் போதுமா?

போதும். ஆனால் அழகாக எடுத்துவிடாதீர்கள். மதுரையில் இருபது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் இப்படிச் சொல்வது விந்தையாக இருக்கலாம்; பட்டதால் சொல்கிறேன்.

நீங்கள் ஓவியத்தை விற்கப் போகிறீர்கள், ஆடிட்டர் மதிப்பீட்டாளரிடம் அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த பொருளென்றால், அன்று அது என்ன விலை போயிருக்கும் என்பதையே அடக்க விலையாகக் காட்டலாம். அந்த விலை கூடக்கூட லாபம் சுருங்கி வரி குறையும் என்பதால், சந்தேகப்படும் வரி அதிகாரி அதைத் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்ப முடியும். அதற்குள் ஓவியம் வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும். உங்கள் கையில் சாட்சியாக மிஞ்சுவது படம்தான்.

இது தெரியாமல்தான், ஆவணி மூல வீதியில் ஒரு வீட்டில் மூன்றடி உயர நவநீத கிருஷ்ணன் ஓவியத்தை எடுத்தேன். முற்றத்து வெளிச்சத்தில் வைத்து, கணினியில் தங்கத் தாளை மினுக்கி, கிருஷ்ணனின் முழங்கால் அருகே சுக்கான் பூச்சு (தங்கத் தாளுக்கு அடியில் மேடு கட்டும் சுண்ணக் கலவை) வெடித்திருந்த கீறலைத் துப்புரவாக அழித்து, மனநிறைவுடன் அனுப்பினேன். மறுநாள் மதிப்பீட்டாளர் அழைத்து, "தம்பி, இது போன மாதம் செய்த படமா?" என்றார்.

வெட்கத்தோடு மறுபடியும் போனேன். படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரரைக் கூட்டிப்போய்க் கண்ணாடியைக் கழற்றவைத்தோம் (நீங்களாகக் கழற்றாதீர்கள், தங்கத் தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்). பிளாஷைத் தவிர்த்து, இருபுறமும் சாய்வாக இரண்டு விளக்குகள். பிறகு பக்கவாட்டில் ஒரே விளக்கு, அதில்தான் மேடும் வெடிப்பும் தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோல். கீறல், கரையான் துளை, ஆணி, நான்கு மூலை எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்தேன்.

பலகையைத் திருப்பியபோதுதான் மங்கிய மையில் "விரோதி வருஷம் தை" என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும் விரோதி வருஷம் 1889-லும் தொடங்கியது, 1949-லும் தொடங்கியது. முதலாவது என்றால் நூறு ஆண்டு கடந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வந்து பதிவுச் சான்றிதழ் கேட்கும். மதிப்பீட்டாளர் எந்த விரோதியை எடுத்துக்கொண்டார் என்பது அந்த வீட்டாருக்கும் அவருக்கும் இடையிலான விஷயம், நான் சொல்வதற்கில்லை.

"ஒரு படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆல்பத்துக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்களே இதற்கு ஜெராக்ஸ் கடைக் கூலி தருகிறார்கள் என்பதால், அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் வரி தெரிந்தவனும் அல்லன். கணக்கை ஆடிட்டரிடமே கேளுங்கள். படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: எடுத்த கோப்பை எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், ஓவியம் வீட்டை விட்டுப் போவதற்கு முன் பின்புறத்தை ஒருமுறை எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை போனதற்கு அந்த வீட்டுப் பெரியம்மா பணம் கொடுத்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை.