மன்னார்குடி பக்கம் கிராமத்துல கல்யாணம், சென்னையில இருந்து குடும்பத்தோட போறோம். எப்படிப் போறது, எங்க தங்குறது?

நீங்க கேட்டிருக்கிறது தை மாசக் கல்யாணம், மன்னார்குடியில இருந்து உள்ள தள்ளி ஒரு கிராமம், முகூர்த்தம் காலைல 6 டு 7.30, கூட வயசான அம்மாவும் ரெண்டு குழந்தைங்களும். எனக்கு அந்தப் பக்கந்தான் ஊரு. எங்க வீட்டு விசேஷங்கள்ல வெளியூர்ல இருந்து வர்றவங்களை ஏத்தி இறக்குற வேலை எப்பவும் என் தலையிலதான் விழும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ரயில். நைட் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல நேரா மன்னார்குடியிலயே இறங்கிடலாம்னு எல்லாரும் சொல்வாங்க, வண்டி நல்ல வண்டிதான், ஆனா அது போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும், அதுக்கப்புறம் குளிச்சு, பட்டுப்புடவை கட்டி, கிராமத்துக்குப் போய்ச் சேர்றப்போ தாலி கட்டி முடிஞ்சு பந்தியில உக்காந்திருப்பாங்க. 6 மணி முகூர்த்தத்துக்கு முந்தின நாளே போயிடுங்க. பகல்ல போற சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கு, கும்பகோணம் வழியா தஞ்சாவூர் போகும், வயசானவங்களுக்கு அதுதான் தோது. புக்கிங் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது (2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாள் இருந்துச்சு), பொங்கலை ஒட்டின தேதின்னா திறந்த அன்னைக்கே போட்டுடுங்க, தட்கலை நம்பி இருக்காதீங்க. வண்டி எக்மோர்ல கிளம்புதா தாம்பரத்துல கிளம்புதான்னும் டிக்கெட்ல பாத்துக்கோங்க, அடிக்கடி மாத்துறாங்க. பஸ்னா கிளாம்பாக்கம் போகணும், ஆனா குழந்தைங்களோட ராத்திரி பஸ்ஸை நான் சொல்ல மாட்டேன், நல்லாத் தூங்கிட்டு இருக்கிற நேரத்துல பைபாஸ்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க.

எங்க இறங்குறதுன்னா என் ஓட்டு தஞ்சாவூருக்குத்தான். கும்பகோணத்துல இறங்கினா மன்னார்குடி போறதுக்கு நீடாமங்கலத்தைத் தாண்டணும், அங்க இருக்கிற ரயில்வே கேட்டைப் பத்தி எங்க பக்கத்து ஆளுங்க யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வாங்க, போட்டா போட்டதுதான், முறுக்கு வாங்கித் தின்னு முடிச்சாலும் திறக்காது. தஞ்சாவூர்ல இருந்து வடுவூர் வழியா வந்தீங்கன்னா அந்தத் தொல்லையே இல்ல, சுமாரா 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பஸ்ஸும் நிறைய இருக்கு.

இப்போ தங்குறது. தஞ்சாவூர்ல நல்ல ஹோட்டல் நிறைய இருக்கு, ஆனா அங்க தங்கினா விடியக்காலை நாலு மணிக்கே கிளம்பணும், தை மாசப் பனியில முன்னாடி போற வண்டியே தெரியாது, அம்மாவை வச்சுக்கிட்டு வேணாம். மன்னார்குடியிலயே லாட்ஜ் பாருங்க. ஆனா ஒண்ணு, முகூர்த்த நாள்னா அந்த ஊர்ல இருக்கிற ரூமை எல்லாம் கல்யாண வீட்டுக்காரங்களே மொத்தமா எடுத்துருப்பாங்க, ஆப்ல பாத்தா ரூமே இல்லைன்னு காட்டும், உண்மையில அந்த ரூம் உங்களுக்காகத்தான் எடுத்து வச்சிருப்பாங்க.

அதனாலதான் சொல்றேன், மாப்பிள்ளைக்கு போன் பண்ணாதீங்க. அவருக்கு அன்னைக்கு எந்த ரூம் யாருக்குன்னு தெரியாது, போனையும் எடுக்க மாட்டார். எந்தக் கல்யாண வீட்டுலயும் ரூம் சாவி, வேன், வெந்நீர் எல்லாத்தையும் பாத்துக்க ஒரு சித்தப்பாவோ தாய்மாமனோ இருப்பார், சட்டைப்பையில சாவிக்கொத்தும் நாலா மடிச்ச ஒரு பேப்பருமா சுத்திக்கிட்டு இருப்பார், யார் எந்த ரூம், எத்தனை பேர், எந்த வேன்னு எல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்கும். உங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட நண்பர்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே அந்தச் சித்தப்பா நம்பரை வாங்கி, "அண்ணே, நாங்க இத்தனை பேர், இந்த நேரத்துக்கு வர்றோம், அம்மாவால மாடி ஏற முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற ரூமா பாத்துக் குடுங்க"ன்னு நேராச் சொல்லிடுங்க. கூச்சப்படவே வேணாம், அங்க போய் நின்னுக்கிட்டுக் கேக்குறதுதான் அவங்களுக்குக் கஷ்டம். ரூம் இல்லைன்னு சொன்னா அப்பவே நீங்களே புக் பண்ணிக்கலாம், செக் அவுட் 12 மணியா 24 மணி நேரமான்னு மட்டும் கேட்டுக்கோங்க, விருந்து சாப்பிட்டு வந்து கொஞ்சம் கண்ணசர அது உதவும்.

சிலர் எங்க வீட்டுலயே தங்குங்கன்னு வற்புறுத்துவாங்க. பாசமாத்தான் கூப்பிடுவாங்க, ஆனா ஹால்ல வரிசையா ஜமுக்காளம் விரிச்சிருக்கும், மூணு மணிக்கே அண்டாவுல வெந்நீர் காயும், ஒரே பாத்ரூமுக்கு பத்து பேர் துண்டோட நிப்பாங்க. பிள்ளைங்களுக்கு ஜாலி, அம்மாவுக்கு முடியாது.

கார்ல போறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. மேப் கிட்டத்து வழின்னு வாய்க்கால் கரையில கொண்டுபோய் விட்டுடும், அதுல ஒரு வண்டிதான் போகலாம், தையில அறுவடை நேரம் வேற, எதிர்ல அறுவடை மிஷின் வந்தா ரிவர்ஸ்லயே திரும்பி வரணும். ரோட்டுல பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க, சுத்தி கல்லு வச்சிருப்பாங்க, ராத்திரியில கண்ணுக்குத் தெரியாது. ஒரே பேர்ல ரெண்டு மூணு ஊர் இருக்கிற பக்கம் வேற அது, பத்திரிகையில போட்டிருக்கிற "வழி" எந்த ஊர்னு பாத்து அங்க போய் டீக்கடையில கேளுங்க. கல்யாண வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டி, ரேடியோ செட்டு பாடிக்கிட்டு இருக்கும், தெருவுக்குள்ள போயிட்டா தவற விட முடியாது.

மொய்க்கு கையில பணமா எடுத்துட்டுப் போயிடுங்க, கிராமத்துல டவர் இருக்கும்னு சொல்ல முடியாது. எழுதுறவர்கிட்ட பேரும் ஊரும் சொல்லணும். குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர், கொசுவத்தி, அம்மா மாத்திரை, இதெல்லாம் நீங்களே பாத்துப்பீங்க.

அன்னைக்கே ஊர் திரும்ப அவசரப்படாதீங்க. மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ராஜகோபாலசாமி கோயிலுக்குப் போங்க, மன்னார்குடி மதிலழகுன்னு சும்மாவா சொன்னாங்க, பக்கத்துலயே ஹரித்ரா நதி தெப்பக்குளம், 23 ஏக்கர். மத்தியானம் நடை சாத்திருக்கும், சாயந்திரம் போங்க. மறுநாள் காலைல தஞ்சாவூர் திரும்புறப்போ வடுவூர் ஏரியில நிறுத்துங்க, தை மாசம் வெளிநாட்டுப் பறவை எல்லாம் அங்கதான் இருக்கும், வெயில் ஏறுறதுக்குள்ள போனாத்தான் பாக்க முடியும். ராத்திரி தஞ்சாவூர்ல இருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கு, அதுக்கும் இப்பவே டிக்கெட் பாத்துடுங்க.