சுவிஸ் விலை கொடுக்காமல் பனிமலையில் ஒரு வாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மகள் குடும்பம் சூரிச்சில், மகன் குடும்பம் லண்டனில். பெப்ரவரியில் எல்லோரும் ஒரு வாரம் பனிமலையில் சேர்ந்திருக்க ஆசை. பேரப்பிள்ளைகள் மூவரும் பனிச்சறுக்கு பழக வேண்டுமாம். சுவிஸில் அந்த ஒரு வாரத்துக்குக் கேட்கும் காசு கட்டுப்படியாகாது என்று மகள் பல்கேரியாவில் பான்ஸ்கோ என்ற ஊரைச் சொல்கிறா. கேள்விப்படாத இடம். நம்பிப் போகலாமா? நாங்கள் இருவரும் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டிவருமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. மகள் நல்ல இடம்தான் பார்த்திருக்கிறா.

நான் பல வருடம் சுவிஸின் கிரவுபுண்டன் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டேல் குசினியிலும், அதற்குப் பிறகு பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையிலும் வேலை செய்தவன். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த மலைகளில் கோப்பை கழுவி, கட்டில் விரித்துச் சீவித்தார்கள். தங்கள் பிள்ளைகளை அதே மலைக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போக மட்டும் பலருக்குக் கை எட்டவில்லை. அதனால் இப்படி ஒரு கேள்வி வந்தால் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

பான்ஸ்கோ, பிரின் மலையடிவாரத்தில் 900 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. சோபியா விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம். சறுக்கும் இடங்கள் 2,500 மீற்றருக்கும் மேலே போகின்றன. அந்த உயரம் இருப்பதால் பெப்ரவரியில் பனிக்கு அநேகமாகக் குறைவிராது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சுவிஸைவிட நன்றாக மலிவு. சறுக்குபவர்களை மலைமேலே ஏற்றும் லிஃப்றுகளுக்கான பாஸ் மட்டும் நீங்கள் நினைக்கும் அளவு மலிவில்லை. ஆகவே செலவைக் கூட்டும்போது அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதல்முறை பழகுபவர்களுக்குச் சாமான், பயிற்சி, பாஸ் மூன்றையும் சேர்த்து ஒரே பக்கேஜாகக் கொடுப்பார்கள். அந்த விலையைக் கேட்டுப்பாருங்கள். எங்கே சிக்கனம் பிடித்தாலும் பயிற்சியில் பிடிக்க வேண்டாம். அப்பா பழக்குவார், மாமா பழக்குவார் என்று விட்டால் பிள்ளை முதல் நாளே பயந்துவிடும், மிச்ச நாட்களின் காசும் வீண்.

சின்னப் பிள்ளைகள் பழகுவதற்கென்றே பார்த்தால், றொடோப் மலையிலுள்ள பம்போரோவோவின் சரிவுகள் இன்னும் சாதுவானவை. ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு நான் பான்ஸ்கோவைத்தான் சொல்வேன். காரணம் நீங்கள் இருவரும். பம்போரோவோ சறுக்குவதற்கென்று கட்டிய இடம். பான்ஸ்கோ மக்கள் காலம் காலமாகச் சீவிக்கும் ஊர். கல் பாவிய தெருக்கள், 1835இல் கட்டிய பரிசுத்த திரித்துவத் தேவாலயம், விறகடுப்பு எரியும் ‘மெஹானா’ சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் உண்டு. பல்கேரியக் கவிஞர் நிக்கோலா வப்சாரொவ் 1909இல் இந்த ஊரில்தான் பிறந்தார். 1942இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய வீடு இப்போது நூதனசாலை. ஆசிரியர்களாக இருந்த உங்களுக்கு அங்கே ஒரு காலைப் பொழுது போதாது. பக்கத்தில் பான்யா என்ற கிராமத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. கன்னியாவில் வாளியால் அள்ளிக் குளித்த எங்களுக்கு, சுற்றிவரப் பனி கிடக்கச் சுடுதண்ணீருக்குள் கழுத்தளவு இருப்பது புது அனுபவம். இரத்த அழுத்தம், இருதய வருத்தம் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மேலே போகவும் சறுக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி புறப்பட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் பைன் மரங்களுக்கு மேலால் ஏறி, பண்டெரிஷ்கா பொல்யானா என்ற இடத்தில் இறக்கும். பிள்ளைகள் பழகும் சரிவுகள் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் நடப்பவர்களுக்கான ரிக்கற் எடுத்துப் போய், தேநீரோடு இருந்து பேரப்பிள்ளைகள் விழுந்தெழும்புவதைப் பார்க்கலாம். ஒரு விடயம்: விடுமுறைக் கால விடியற்காலைகளில் அந்தக் கொண்டோலா வரிசை மிக நீளம். அதனால் அறை எடுக்கும்போது கொண்டோலா நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். அங்கேயே சாமானை வைத்துவிட்டு வர லொக்கர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கும் அறை, சப்பாத்தும் பலகையும் சுமக்கும் பிள்ளைகளோடு மலிவாகத் தெரியாது.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். இரவில் சோறு, பருப்பு, ஒரு கறி வைத்தால் செலவு நன்றாகக் குறையும். வெளியே சாப்பிடும் நாட்களில் சைவக்காரர் பட்டினி கிடக்க மாட்டார்கள். போஞ்சி விதைச் சூப், பாற்கட்டி வைத்துச் சுடும் பனித்சா என்ற மாப்பண்டம், ஷொப்ஸ்கா சலாது எல்லா இடத்திலும் கிடைக்கும். பல்கேரியா 2026 ஜனவரி முதலாம் திகதி யூரோவுக்கு மாறிவிட்டது, பழைய லெவ் தாள்களை யார் தந்தாலும் வாங்க வேண்டாம்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதற்படி. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் சுவிஸ் ஏற்கெனவே இருக்கிறது, பல்கேரியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக வந்துவிட்டது. இதுதான் உங்களுக்கு வாய்ப்பு. மகளோடு சூரிச்சில் மூன்று நான்கு வாரம், பான்ஸ்கோவில் ஒரு வாரம் என்று போனால், அதிக நாள் தங்கும் நாடு சுவிஸ். ஆகவே சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பியுங்கள், அதே விசாவில் பான்ஸ்கோவுக்கும் போகலாம். பயண நிரலில் பான்ஸ்கோவையும் மறைக்காமல் எழுதுங்கள். வயது வந்தவருக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பெப்ரவரிக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கினால் நெருக்கடி இல்லை. விசா கையில் வரும்வரை, காசு திரும்பக் கிடைக்காத ரிக்கற் எதையும் வாங்க வேண்டாம்.

மகனிடமும் ஒன்று கேளுங்கள்: குடும்பத்தில் எல்லோரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறதா? ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தாலும், பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர் என்றாலும், அவருக்கு ஷெங்கன் விசா தேவை. கடைசி நேரத்தில் இது தெரிந்து மருமகளை விட்டுவிட்டுப் போன குடும்பம் எனக்குத் தெரியும். சுவிஸில் பி, சி வதிவிட அனுமதி உள்ளவர்கள் கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் கொண்டுபோனால் சரி. தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் எஃப் அனுமதி உள்ள உறவினர் யாரும் கூட வருவதென்றால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

லண்டனில் பெப்ரவரி நடுவில் ஒரு வார அரைத்தவணை லீவு. சூரிச் நகரப் பிள்ளைகளுக்கும் பெப்ரவரியில் இரண்டு வார விளையாட்டு லீவு உண்டு. இரண்டும் எந்த வாரத்தில் சேர்ந்து விழுகின்றன என்று பாடசாலை நாட்காட்டிகளைப் பாருங்கள். அந்த வாரம் எங்கும் விலை ஏறித்தான் இருக்கும், ஆகவே வீட்டை இப்போதே பேசி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வாசகர்கள் ஜனவரி நடுப்பகுதியைப் பாருங்கள். பொங்கல் முடிந்த கையோடு போனால் பனியும் இருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

கேள்வி: மகன் ஜேர்மனியில் படிக்கிறான். நண்பர்களோடு ஸ்லோவாக்கியாவில் யஸ்னா என்ற இடத்துக்குப் பனிச்சறுக்குக்குப் போகக் கேட்கிறான். கால் முறியும் விளையாட்டு என்று தாய் அழுகிறா. விடலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: விடுங்கள், ஐயா. யஸ்னா நல்ல இடம். தாழ் தத்ரா மலையில், 2,024 மீற்றர் உயரமான ஹொப்பொக் சிகரத்தின் இரு பக்கத்திலும் லிஃப்ற் இருக்கிறது. ஜேர்மன் வதிவிட அனுமதியோடு அவர் போய்வரலாம். தாயின் பயம் நியாயமானதுதான், அதைக் குறைக்க வழிகள் உண்டு.

வாடகைக் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பலகையையும் சப்பாத்தையும் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும். கழராவிட்டால் நீளப் பலகை காலோடு சேர்ந்து திரும்பி முழங்காலை முறுக்கிவிடும். அந்தப் பூட்டை எவ்வளவு இறுக்குவது என்று கடைக்காரர் உங்கள் நிறை, உயரம், வயது, அனுபவம், சப்பாத்தின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். அங்கே வெட்கப்பட்டு நிறையைக் குறைத்தோ, நண்பர்களுக்கு முன்னால் ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று கூட்டியோ சொன்னால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். மகனுக்கு இதை நீங்களே சொல்லுங்கள்.

சப்பாத்து போட்டு நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதி மேலே எழும்பக் கூடாது. மெல்லிய காலுறை ஒரு சோடி போதும். குளிருக்கென்று இரண்டு சோடி போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும்.

ஹெல்மெற் கட்டாயம் போடச் சொல்லுங்கள். முதலிரண்டு நாள் பயிற்சியாளரோடு இலகுவான நீலக் குறிச் சரிவுகளில் மட்டும் நிற்கட்டும். கடினமான சிவப்பு, கறுப்பு பிறகு. முன்னால் போகிறவருக்குத்தான் வழி, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில் நிற்க வேண்டும். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகவே கூடாது, பனிச்சரிவில் ஆட்கள் புதைவது அநேகமாக அங்கேதான். காப்புறுதியில் பனிச்சறுக்கும் மலை மீட்புச் செலவும் அடங்குகிறதா என்று வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் அவை இல்லை. அவசரம் என்றால் ஐரோப்பா முழுக்க 112.

கேள்வி: பனிக்குப் போட உடுப்பு யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தடித்த ஜக்கெற் இங்கே தேட வேண்டாம். அங்கே உறவினரிடம் இரவல் வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். உள்ளே போட மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு வேண்டும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உடம்பிலேயே குளிர்ந்துவிடும். நல்ல கறுப்புக் கண்ணாடியும் சன் கிரீமும் கட்டாயம். எங்கள் தோலுக்கு வெயில் சுடாது என்று நினைக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும், முகம் கீழிருந்தும் எரியும். வயதானவர்கள் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் ஒரு சோடி வாங்கிக்கொள்ளுங்கள். சறுக்காத பெரியவர்கள் அங்கே விழுவது தெருவில் உறைந்த ஐஸில்தான்.

கேள்வி: இங்கிருந்து என்ன சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகலாம்?
– வாசகர், நல்லூர்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகத் தடை. நெய்யும் பால்கோவாவும் அதற்குள் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் விடமாட்டார்கள். வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, அரிசிமா கொண்டுபோகலாம். கருவாட்டுக்குத் தடை இல்லை, ஆனால் வாடகை வீட்டில் பொரித்தால் மணம் போகாது. தூளை இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, என்ன தூள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பெரிய பெட்டியில் போடுங்கள்.