வாசகர் கேள்வி – பதில்: செட்டிநாட்டு வீட்டின் வயது

கேள்வி: காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தாழ்வான ஓட்டு வீடு ஒன்றும், உச்சியில் கஜலட்சுமி சுதையோடு கூடிய மாடி வீடு ஒன்றும், வளைந்த பால்கனியோடு பழைய சினிமாக் கொட்டகையைப் போல் தோன்றும் வீடு ஒன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லாவற்றையும் ‘நூறு வருஷத்து வீடு’ என்றே சொல்கிறார்கள். எது முந்தியது என்று எப்படி அறிவது?
— வாசகி, காரைக்குடி

பதில்: மூன்றும் பெரும்பாலும் மூன்று காலங்களைச் சேர்ந்தவை. நாட்டு ஓடு வேய்ந்து, திண்ணையும் அதையடுத்து ஒரே முற்றமுமாக அமைந்த வீடே பொதுவாக முந்தியது. 1852-இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு, ஐராவதி வடிநிலத்து நெல் சாகுபடிக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெருமளவில் இறங்கினார்கள். அந்த வருமானமும் அங்கிருந்து கப்பலேறி வந்த தேக்கும் சேர்ந்து இங்குள்ள வீடுகளின் அளவையே மாற்றிவிட்டன. முகப்பு உயர்ந்தது, ஒன்றன்பின் ஒன்றாக அமையும் கட்டுகள் என்னும் வீட்டுப் பகுதிகள் கூடின, இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் ஜப்பானியப் பூ ஓடும் வந்து சேர்ந்தன. சுதையைக் குறைத்து நேர்க்கோடுகளையும் வளைவுகளையும் நம்பிய ஆர்ட் டெகோ பாணி வீடுகள் 1930, 40-களைச் சேர்ந்தவை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948-இல் அங்கே நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்ததும் பெருவீடு கட்டும் காலத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன.

ஆனால் முகப்பை மட்டும் பார்த்து வயதைச் சொல்லிவிடக் கூடாது. பணம் வந்தபோது பழைய வீட்டை இடிக்காமல் அதற்கு முன்னால் புதிய முகப்பைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே முகப்புச் சுதையில் எழுதியிருக்கும் ஆண்டு முகப்பின் ஆண்டாக மட்டுமே இருக்கலாம். வீட்டுக்காரர் அனுமதித்தால் உள்ளே செல்லுங்கள். முகப்பில் சிமென்ட் தூணும், வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியில் கல் பீடத்தின்மேல் நிற்கும் மரத்தூணும் இருந்தால் இடையே ஒரு தலைமுறையாவது கடந்திருக்கலாம். ஒரு வாசற்படியைத் தாண்டியதும் ஆத்தங்குடிக் கல் என்னும் பூவேலைத் தரை ஓட்டின் பூ மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தரை இரண்டு தடவையாகப் போடப்பட்டிருக்கக்கூடும். சுவரையும் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர் பளிங்கைத் தொட்டது போலவே வழவழப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பிற்காலத்துப் பெயின்ட் அந்தப் பளபளப்பை எட்டியதில்லை என்பது என் கட்சி.

கேள்வி: ஒரே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது ஏன்? அகலமாகக் கட்டியிருக்கலாமே?
— வாசகர், மதுரை

பதில்: கூட்டுக்குடும்ப ஏற்பாடே முக்கியக் காரணம். சடங்குகளுக்கும் திருமணமான பிள்ளைகளின் அறைகளுக்கும் வளவு, பந்திக்கு இரண்டாங்கட்டு, சமையலுக்கு அடுப்படி என்று வீடு பின்னோக்கி நீண்டது. பின்வாசல் வேலையாட்களும் சாமான்களும் வந்துபோக உதவியது. மழைநீருக்கும் இதில் பங்குண்டு. நாற்புறச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் நீரை அண்டாக்களில் பிடித்துக்கொண்டார்கள். மிஞ்சியது வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் சென்றது. தார்மேல் தார் போட்டுத் தெரு மட்டம் உயர்ந்துவிட்ட இடங்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது.

கேள்வி: பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் பங்காளிகள் பலருக்கும் உரிமை இருக்கிறது. யாரும் குடியில்லை. இடித்து மரத்தை விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். மரமும் தூணும் எங்காவது பத்திரமாக இருந்தால் போதாதா?
— வாசகர், சென்னை

பதில்: போதாது என்றே நினைக்கிறேன். இடித்தால் நிலைக்கதவும் தேக்குத் தூணும் உத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைப் போன்ற இடங்களுக்குச் சென்று, பிறகு எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கும். அவற்றில் தேக்கு பர்மாவினுடையது. இந்த மண்ணின் கொத்தனார்கள் அரைத்துப் பூசிய சுண்ணாம்பும், கட்டுகளின் அமைப்பும், முற்றத்திலிருந்து ஊருணி வரை செல்லும் நீர்வழியும் விலை போகாதவை. அவை அன்றே செங்கல் குப்பையாகிவிடும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்துச் சென்று அக்கறையோடு மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கேயும் தெருவைக் கொண்டுசெல்ல முடியாது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு தனி வீடாக அல்லாமல் ஊர்த் தொகுதிகளாகவே இடம்பெற்றது. அந்தப் பட்டியல் மட்டும் எந்த வீட்டையும் இடிபடாமல் காத்துவிடாது.

பொது உரிமை இரு பக்கமும் வெட்டுகிறது: தனியொருவர் விற்க முடியாததால் வீடு இதுவரை தப்பியது, தனியொருவர் செலவு செய்யத் தயங்குவதால் ஒழுகுகிறது. கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. அதற்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும் என்பதால் உடனே நடக்காது. இப்போதைக்கு, ஐப்பசி மழைக்கு முன்பாக உடைந்த ஓடுகளை மாற்றும் செலவை மட்டும் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் சிமென்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுற்றிலும் உள்ள நல்ல பூச்சையும் தள்ளிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை அதை அப்படியே விட்டுவைப்பதே மேல்.