ஒட்டிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு எந்தப் பொம்மை வாங்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. அடுப்படிக்குப் போனால்கூட நைட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஐந்து நிமிஷம் தனியாக விளையாட மாட்டான். விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் ஆக்டிவிட்டி டேபிள் ஒன்றை ஆன்லைனில் 3,500 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கிக் கொடுத்தால் பழகிவிடுவானா?

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். பட்டனை அமுக்கினால் பாட்டு வரும் பொம்மையில் குழந்தைக்கு வேலையே இல்லை, எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிடுகிறது. சீக்கிரம் அலுத்துவிடும். அப்புறம் உங்கள் காலடிக்குத்தான் வருவான்.

இந்த வயதில் அம்மா கண்ணை விட்டு மறைந்தால் அழுவது இயல்பு. உங்கள் வளர்ப்பில் குறை எதுவும் இல்லை. முதலில் அவன் பக்கத்திலேயே தரையில் உட்காருங்கள். ஒரு எவர்சில்வர் டப்பா, நாலு கிண்ணம், ஒரு கரண்டி போதும். கிண்ணத்தை உள்ளே போடுவான், கொட்டுவான், மூடியைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்ப்பான். அதில் மூழ்கியிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். 'சூப்பர்' என்று கைதட்டவும் வேண்டாம். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள். எழுந்து போகும்போது சொல்லிவிட்டே போங்கள். அவனுக்குத் தெரியாமல் நழுவினால் அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். இரண்டு மூன்று நிமிஷம் தனியாக விளையாடினாலே ஒன்றரை வயதுக்குப் பெரிய விஷயம்.

பொம்மை குறைவாக இருப்பதும் நல்லதுதான். அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோது தாவித் தாவி விளையாடிய சிறு குழந்தைகள், 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள். வீட்டில் இருப்பதில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு, அவ்வப்போது மாற்றிக் கொடுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மரக்கட்டைகள், அடுக்கும் கிண்ணங்கள், ஒரு பந்து, அவ்வளவு போதும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. கோயில் வாசலில் விற்கும் மரச் சொப்புச் சாமான் அழகுதான், ஆனால் துண்டுகள் தொண்டையில் சிக்கும் அளவு சின்னவை. மூன்று வயது வரை பொறுங்கள்.

சட்டைப் பொத்தான் போல வட்டமாக இருக்கும் பட்டன் பேட்டரி உள்ள எதையும் தவிர்த்துவிடுங்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது வெந்துபோகலாம். 'வாக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பாரு' என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கனடாவில் 2004-இலிருந்து அதை விற்கவே தடை. முத்திரை இல்லாத பொம்மையைக் கடையில் உங்கள் தலையில் கட்டினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.