மூன்றே நாளில் கருகும் காயில்

மின்-சிகரெட்டின் (வேப்) காயிலை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளை, குறை சொல்வதற்கு முன் திரவத்தை மாற்றிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு காயில் கருகுகிறது, லண்டனில் கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். உங்கள் ‘மாம்பழ ஐஸ்’ சுவைத் திரவத்தில் சேர்க்கும் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டிதான் பெரும்பாலும் காரணம். சூட்டில் பாகாக இறுகி, காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சை அடைத்துவிடும்.

பழைய காயிலைக் கழற்றிப் பாருங்கள். கம்பி மேல் கறுப்புப் பிசுக்கு இருந்தால் இனிப்புதான். பஞ்சு மட்டும் காய்ந்து கருகியிருந்தால் வாட் அதிகம், அல்லது புதுக் காயிலைத் திரவத்தில் பத்து நிமிடம் ஊறவிடாமல் இழுத்திருக்கிறீர்கள். (அந்த அவசரம் எனக்கும் உண்டு.)

அப்புறம், நிக்கோடின் இல்லாத 50 மில்லி திரவத்தில் மில்லிக்கு 18 மி.கி. நிக்கோடின் செறிவுள்ள 10 மில்லி குப்பியைக் கலந்தால் மில்லிக்கு 3 மி.கி. வரும், மலிவு. ஆனால் அது பெரும்பாலும் கெட்டித் திரவம். சின்னக் கருவியில் பஞ்சு உறிஞ்சாது. 20 மி.கி. பழகியவருக்கு 3 போதவும் போதாது.