உழைப்பவள் வீட்டு நாயகன்

கேள்வி: வாரம் ஒரு அத்தியாயமாக ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். நாயகி கொழும்பு கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். கணவன் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளனாக இருந்தவன். அச்சகம் மூடப்பட்டதால் வேலையில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இதுவரை 14 அத்தியாயங்கள் வந்துவிட்டன. வாசகர் குழுவில் பாதிப் பேர் அவனை ‘டம்மி ஹீரோ’ என்கிறார்கள். ‘எங்கட வீடுகளில இப்பிடி நடக்கிறதில்லை’ என்கிறார்கள். ஒருவர், அவன் உண்மையில் ஒரு பெரிய கம்பனியின் வாரிசு என்று தாமே ஒரு முடிவு எழுதிப் போட்டார். அதற்கு என் கதையைவிட வரவேற்பு அதிகம். அந்த முடிவையே நானும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனை வாரிசாக்கிய நிமிடத்தில் அவள் 14 அத்தியாயங்களாக உழைத்ததெல்லாம் ஒரு பரீட்சையாகிவிடும். அவன் பணக்காரன் என்று தெரிந்ததும் அவள் வேலையை விடுவாள், வாசகர்கள் இதயம் போடுவார்கள், கதை முடிந்துவிடும். ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டது, விரைவில் கடந்துபோக வேண்டிய ஒரு கெட்ட காலமாகச் சுருங்கிவிடும். நீங்கள் எழுதத் தொடங்கியது அதையல்ல.

ஆனால் ‘டம்மி’ என்று சொன்னவர்களை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். பிழையின் பாதி உங்களுடையது. நீங்கள் அனுப்பிய 14 அத்தியாயங்களையும் படித்தேன். அவளுக்கு என்ன சம்பளம் என்று ஓரிடத்திலும் இல்லை. வீட்டு வாடகை எவ்வளவு என்று இல்லை. அவன் சட்டைப்பையில் இருக்கும் காசு யாருடையது என்று இல்லை. அவன் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறான், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான், எப்போதும் சிரிக்கிறான். காசைப் பற்றி வாயே திறக்காத ஒருவன் நல்லவனாகத் தெரியலாம், ஆளாகத் தெரியமாட்டான். வாசகர்கள் ‘டம்மி’ என்று சொல்வதன் உள்ளே இந்தக் குறைதான் இருக்கிறது. அவர்களுக்கு அதைச் சொல்ல வேறு சொல் இல்லை.

சொல் இல்லாததற்குக் காரணமும் இருக்கிறது. நம் இலக்கியத்தில் பொருள் தேடிப் போகும் ஆணுக்கென்று ஒரு துறையே உண்டு. பொருள்வயிற் பிரிவு என்ற அது, பிரிவைப் பாடும் பாலைத் திணையில் பாடிப் பாடி மெருகேறியது. ‘வினையே ஆடவர்க்கு உயிரே, மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்’ என்ற குறுந்தொகை 135ஆம் பாட்டின் கருத்தைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். (அந்தப் பாட்டில் தோழி அதைச் சொல்வது, ‘இப்படி நமக்குச் சொன்னவரும் அவரேதான், ஆகையால் போகமாட்டார், அழாதே’ என்று தலைவியைத் தேற்றுவதற்கு. அந்த இரண்டாம் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.) வீட்டில் இருந்து மனைவியின் வரவை எதிர்பார்க்கும் ஆணுக்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. அவனைக் கண்டால் வாசகருக்கு எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஆகவே கம்பனி வாரிசு என்ற பழகிய நாற்காலியில் இருத்திவிடுகிறார்கள்.

ஒரே ஓர் இடம் உங்களுக்குக் கைகொடுக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலன் செல்வம் தொலைத்துத் திரும்பி வந்து, இந்த வறுமை எனக்கு நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி சிரித்துவிட்டு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு அவளுடையது. ஆனால் மதுரைக் கடைத்தெருவுக்கு அதைக் கொண்டுபோய் விற்கப் போவது அவன். காசு ஒருவருடையது, காசை வெளியில் எடுத்துக்கொண்டு போகும் கை இன்னொருவருடையது. இந்த வேறுபாட்டை உங்கள் கதைக்குள் கொண்டுவாருங்கள். வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது? கடைக்காரருக்கு யார் கொடுக்கிறார்? வீட்டுச் சொந்தக்காரர் வாடகை கேட்க யாருக்கு அழைப்பு எடுக்கிறார்?

இனி வேலைக்கு வருவோம். ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். அது கதைக்குள் போகத் தேவையில்லை, மேசையில் இருந்தால் போதும். உதாரணத்துக்கு அவளுடைய அடிப்படைச் சம்பளம் 180,000 ரூபா என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 சதவீதம், 14,400 போகும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. மிச்சம் 30,000க்கு 6 சதவீதம், 1,800. கையில் வருவது 163,800. வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு அனெக்ஸ் 70,000, சீட்டு 20,000, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கு 15,000, பிள்ளையின் பள்ளிக்கூட வேனுக்கு 12,000. மிச்சம் 46,800. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,560. சாப்பாடு, கரண்ட், தண்ணீர், போன், மருந்து எல்லாம் அதற்குள். தொகைகளை உங்கள் பாத்திரங்களுக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆனால் கூட்டிக் கழித்து ஒரு நாளின் தொகைக்கு வந்தே தீருங்கள். அந்தத் தொகை தெரிந்தால் சண்டை எந்தத் திகதியில் வரும் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது அவன் அட்டையைக் கொண்டுபோய் 2,000 ரூபா எடுக்கிறான். அடுத்த கணம் அவள் கைபேசிக்கு வங்கியின் குறுஞ்செய்தி வருகிறது. அவள் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறாள். அவள் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் குறுஞ்செய்தி போகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அடுத்த முறை இயந்திரத்துக்குப் போகாமல் நண்பனிடம் கைமாற்று வாங்குகிறான். இரண்டு மாதத்தில் அது கடனாகிறது. வில்லன் வேண்டாம், இன்னொரு பெண் வேண்டாம். நல்லவர்கள் இரண்டு பேருக்கு இடையில் ஒரு குறுஞ்செய்தி போதும். அவன் கலியாணக் காட் வடிவமைத்து 8,000 ரூபா உழைத்தால், அதை அவள் கையில் கொடுக்கிறானா, நண்பனின் கடனை அடைக்கிறானா, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிறானா என்பதில்தான் அவன் யார் என்பது தெரியும்.

வீட்டு வேலை விடயத்திலும் உங்கள் அத்தியாயங்கள் நம்பும்படி இல்லை. ஜூலி பிரைன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மனைவியின் வருமானத்தில் தங்கியிருக்கும் அளவு கூடக்கூடக் கணவர்கள் செய்யும் வீட்டு வேலை குறைவதைக் கண்டார். உழைப்பு கைவிட்டுப் போனவன் தும்புத்தடியையும் தொட மறுக்கிறான், அதுவாவது தான் ஆண் என்று காட்டட்டும் என்பதுபோல. அது அமெரிக்கக் கணக்கு, ஆனால் அதன் மனம் நமக்கு அந்நியமில்லை. உங்கள் நாயகன் எல்லா வேலையையும் செய்யட்டும், ஒன்றை மட்டும் செய்யாமல் இருக்கட்டும். உடுப்புத் துவைப்பான், ஆனால் முன் வீட்டுக்குத் தெரியும் பல்கனிக் கொடியில் காயப்போட மாட்டான். ஈரத் துணி வாளியிலேயே கிடக்கும். அவள் வேலையால் வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல், அதைக் காயப்போடுவாள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

பொய்யையும் எழுதுங்கள். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மக்கள் கருத்தாய்வில் சொன்ன வருமானத்தை அரசின் வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டது. கணவனைவிட மனைவி அதிகம் உழைக்கும் வீடுகளில் மனைவியின் வருமானம் 1.5 சதவீதப் புள்ளி குறைத்தும், கணவனின் வருமானம் 2.9 சதவீதப் புள்ளி கூட்டியும் சொல்லப்பட்டிருந்தது. பேர் தெரியாத கணக்கெடுப்பாளருக்கே இந்தப் பொய் என்றால், கலியாண வீட்டில் மாமிக்கு முன்னால் எவ்வளவு சொல்லப்படும்! ‘மருமகனுக்கு இப்ப என்ன வேலை?’ என்று யாரோ கேட்கிறார்கள். அவன் வாய் திறக்கும் முன் அவளே, ‘இவர் சொந்தமா டிசைன் செய்யிறார், நல்லாப் போகுது’ என்கிறாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைகிறான். இந்த இடத்தை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதலாம்.

‘எங்கட வீடுகளில நடக்கிறதில்லை’ என்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த நாட்டின் அந்நியச் செலாவணி யார் முதுகில் வருகிறது? 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கும் பெண்கள், மலையகத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள், வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் இருந்தது. 2013இல் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாயை அரசு மறித்தது. அதே வயதுப் பிள்ளையின் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. பெண் உழைக்கும் வீடு நம்மிடம் நிறைய உண்டு. கதைகளுக்குள்தான் குறைவு.

சட்டமும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறது, அதை உங்கள் கணக்காளர் நாயகி அறியாமல் இருக்கமாட்டாள். ஒரு பெண் திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம். ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை. வயது வந்து எடுப்பதென்றால் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. இன்னும் கனமானது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. அவள் அதற்கு உட்பட்டவள் என்று வைத்துக்கொள்வோம். தன் உழைப்பில் தன் பெயரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்குகிறாள். பிறகு விற்க நினைக்கிறாள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம்; இல்லாவிட்டால் அவன் கையெழுத்து. ஐந்து வருடமாக அவளிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்ட கை, அன்றைக்கு நொத்தாரிசின் மேசையில் பேனையைப் பிடிக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கதையின் உச்சத்தை அங்கேதான் வைப்பேன். அவன் உடனே கையெழுத்துப் போடலாம், ஒரு நாள் தவணை கேட்கலாம். அந்த ஒரு நாள் அவனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது, எந்தக் கம்பனி வாரிசையும்விட அவனைப் பெரிய பாத்திரமாக்கும்.

உங்கள் வாசகர்களைப் பற்றி. ‘அடுத்த யூடி (புதிய அத்தியாயம்) எப்போ’ என்று கேட்பவர்கள் உங்களை நேசிப்பவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கருத்துகளை எண்ணி அடுத்த அத்தியாயத்தை எழுதினால் கதை வாரத்துக்கு ஒரு பக்கம் இழுபடும். குறைந்தது நான்கு அத்தியாயங்களை முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டு ஒன்றை வெளியிடுங்கள். வரும் கருத்துகளில் ‘நம்ப முடியவில்லை’ என்பதையும் ‘பிடிக்கவில்லை’ என்பதையும் பிரித்து வையுங்கள். நம்ப முடியவில்லை என்றால் அந்த அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு காரணம் விடுபட்டிருக்கும். பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வேறு முடிவு எழுதியவரைக் கோபிக்க வேண்டாம். ரசிகர் புனைவு உலகெங்கும் இப்படித்தான் வளர்கிறது. ஆங்கிலத்தில் அதில் ஒரு வகைக்குத் ‘திரைச்சீலைக் கதை’ என்றே பெயர். பிடித்த ஜோடி வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கப் போவதுகூட அங்கே முழுக் கதை. யார் சமைக்கிறார், யார் வாடகை கட்டுகிறார் என்பதில் ரசிகர்களுக்கு அவ்வளவு பசி. இரண்டு ஆண்களை ஜோடியாக்கும் கதைகளிலும் ஒருவரை உழைப்பவராகவும் மற்றவரை வீடு பார்ப்பவராகவும் பிரித்துவிடும் பழக்கம் அங்கே உண்டு. அந்தச் சமூகங்களுக்குள்ளேயே அது நீண்ட காலமாகக் கண்டிக்கப்பட்டும் வருகிறது. வேறு முடிவு எழுதிய அந்த வாசகரும் அதே பசியோடுதான் எழுதியிருக்கிறார். நீங்கள் பரிமாறாததால் கையில் கிடைத்ததைச் சமைத்தார். மூலக்கதை உங்களுடையது, இது ரசிகர் முடிவு என்று மேலே ஒரு வரி போடும்படி மட்டும் கேளுங்கள். உங்கள் கதை முடியும்வரை அதைத் திரும்பத் திறக்காதீர்கள். அவர் எழுதிய ஒரு காட்சி தெரியாமல் உங்களிடம் புகுந்துவிட்டால் மனத்தாங்கல் இரண்டு பக்கமும் வரும்.

15ஆம் அத்தியாயத்தை மாதத்தின் 24ஆம் திகதி தொடங்குங்கள். சம்பளம் நாளைக்கு. வீட்டில் 900 ரூபா இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், அவளுடைய வங்கி அட்டை அவன் சட்டைப்பையில். எழுதி முடித்ததும் அனுப்புங்கள்.