ஈரோட்டிலிருந்து சிதம்பரம் பக்கம் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு வரை போய் சாயங்காலப் படகில் பறவை, விலங்கு பார்க்கலாமா?

பறவைக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலேயே கரையில் நின்று பார்க்கலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் பிச்சாவரம் சேர்ந்தபோது வெள்ளோடும்தான் சேர்ந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம் இருக்கிறது. பிச்சாவரம் போவதென்றால் சேற்றைப் பார்க்கப் போங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

போன தை மாதம் அம்முச்சியையும் (அம்மாவின் அம்மா) கூட்டிக்கொண்டு நான்கு பேர் போனோம். கோவையிலிருந்து வரும் ஜன சதாப்தியை ஈரோட்டில் பிடித்தால் மதியம் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் சிதம்பரம், அப்புறம் ஆட்டோ. முதல் நாள் சிதம்பரத்தில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஐந்தரை மணிக்குப் போய் நின்றோம். டிக்கெட் கொடுக்கும் இடத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் தப்புதான். சாயங்காலப் படகு என்றால் அங்கே மூன்றரை, நாலு மணிக்கு ஏறுவது. இருட்டில் உள்ளே விடுவதில்லை. ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மூன்று மணிக்கே ஆஜர்.

மோட்டார் படகு வேண்டாம். அகலமான வாய்க்காலோடு அது நின்றுவிடும், சத்தம் வேறு. துடுப்புப் படகுதான் தலையைக் குனிந்துகொண்டு போகிற சந்துகளுக்குள் நுழையும்.

நாங்கள் போனது கடல் இறங்கித் தண்ணீர் வற்றுகிற நேரம். துடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தோம். சுரபுன்னை வேர்கள் பந்தல்கால் நட்டது போலச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. முதலில் வெறும் சேறுதான் தெரிந்தது. அப்புறம் அது அசைய ஆரம்பித்தது. வளைக்கு வளை ஒரு நண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கிறது. விரல் நீள மீன் ஒன்று தண்ணீரை விட்டு ஏறி வந்து, முன்துடுப்பை முழங்கை மாதிரி ஊன்றித் தத்தித் தத்திப் போனது. தவளைக்கு இருப்பது போல இரண்டு கண்ணும் உச்சந்தலையில். "அடக் கெரகமே, மீனு நடக்குது!" என்றார் அம்முச்சி. பக்கத்து வேரில் ஒரு குருட்டுக் கொக்கு நின்றது. மீனை அது எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது.

படகுக்காரர் வெண்கண்டல் இலை ஒன்றைக் கொடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. உள்ளே போகும் உப்பை அந்த மரம் இலை வழியாகக் கக்கிவிடுகிறது. நீங்களாக எந்த இலையையும் பறிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த தில்லை மரமும் அங்கேதான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

"ஏனுங் தம்பி, இது கடல் தண்ணியா, ஆத்துத் தண்ணியாங்க?"

"ரெண்டும் கலந்ததும்மா. அந்தப் பக்கம் வெள்ளாறு, இந்தப் பக்கம் கொள்ளிடம்."

கொள்ளிடம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிவதுதான், பவானி கூடுதுறையில் நாம் முழுக்குப் போடும் தண்ணீர்தான் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்முச்சி உடனே ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர், சேறு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம். கேட்டால்தானே.

நீர்நாய், நரி எல்லாம் உண்டு என்றார்கள். எங்கள் கண்ணில் படவில்லை. திரும்பும்போது கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக மரத்தில் அடைய வந்துகொண்டிருந்தன. கடலில் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்கலாம் என்று கேமராவோடு போகாதீர்கள். கிழக்குக் கரை அது. சூரியன் ஊர்ப்பக்கம்தான் மறையும்.

தேதி குறிக்கும் முன் வற்று நேரத்தைப் பாருங்கள். தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் நான் சொன்ன நண்டும் மீனும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், வேண்டாம். தை, மாசி சரியாக இருக்கும்.